குப்பையில் ஒரு குளியலறை

அத்தியாயம் 2

பல் டாக்டர் எங்கள் அலுவலகத்தை விட்டுப் போன பிறகும் அவருடைய மருந்து வாசனை போகவில்லை. அக்கா எழுந்து ஜன்னலைத் திறந்தார். கீழே இருக்கும் சலவைக் கடையின் நீராவி உள்ளே வந்து கணக்கைச் சரி செய்தது.

"மாப்பிள்ளே, அந்த அம்மா சொன்னதுல என்ன புரிஞ்சுது உனக்கு?"

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் இவருக்கு மாப்பிள்ளை இல்லை. இவருடைய தங்கைக்கு நாலு வருஷம் புருஷனாக இருந்தேன். தங்கை என்னை வேண்டாம் என்று சொன்ன அதே மாதம் அக்கா என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். பதவி போய்விட்டது, பட்டம் மட்டும் நிற்கிறது. நானும் அவரை அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா முப்பத்தொரு வருஷம் ஒரு பேருந்துக் கம்பெனியின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருந்தவர். குடை, ஒற்றைச் செருப்பு, பல்செட், ஒரு தடவை யாரோ விட்டுவிட்டு இறங்கிப் போன மாமனார் என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றி, உரியவரிடம் சேர்த்தவர். ஓய்வு பெற்றதும் துப்பறியும் அலுவலகம் திறந்தார். பெரிய வித்தியாசம் இல்லை என்பார். அங்கே பொருள் வந்துவிடும், ஆள் வர மாட்டார். இங்கே ஆள் வந்துவிடுகிறார், பொருளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

"புரிஞ்சதைச் சொல்றேன்" என்றேன். "நாப்பத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அப்பா தன் மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தார். மகன் அதைத் தினம் துடைச்சு வெச்சார். பதினேழு வயசுத் தங்கச்சி அதுல ஒரு வீடியோ கேம் எழுதினா. பேரு 'குளியலறை'. ஒரே ஒரு கேசட்டுல பதிஞ்சு வெச்சா. இப்போ தங்கச்சி பல் டாக்டர், அண்ணன் பெரிய மனுஷர். இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோ கேம் காப்பகத்துல அண்ணன் பேரைப் பித்தளைத் தகட்டுல போட்டுத் திரை விலக்கப் போறாங்க. கேமை எழுதினது அவராம்."

"கேசட்?"

"காணோம். ஒவ்வொரு கேமுக்கு முன்னாடியும் டாக்டர் தன் குரல்ல பேசிட்டுத்தான் பதிவாங்களாம். அது கிடைச்சா அவங்க பேரு. கிடைக்கலேன்னா அண்ணன் பேரு."

"நாப்பத்து மூணு வருஷமா சும்மா இருந்தவங்க இன்னிக்கு ஏன் வந்தாங்க?"

அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். டாக்டர் தன் க்ளினிக்கில் நோயாளிகள் புரட்டும் செய்தித்தாளில் அண்ணனின் பேட்டியைப் படித்திருக்கிறார். அதில் ஒரு வரி: 'நான் கேம் எழுதும்போது என் தங்கை டீ போட்டுக் கொண்டுவந்து தருவாள்.'

"அவன் எழுதினான்னு சொல்லிட்டுத் திரிஞ்சதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன்" என்றார் எங்களிடம். குரல் நடுங்கியது. "எனக்கு டீ போடவே தெரியாது. இன்னிக்கு வரைக்கும் தெரியாது. என் பேரு அதுல இருக்கணும், அவ்வளவுதான்."

எழுந்து போகும்போது என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "கீழ் வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தினது. நாளைக்குக் க்ளினிக்குக்கு வாங்க." நான் வாயையே திறக்கவில்லை. துப்பறியும் தொழிலில் இவர் எங்களுக்குப் போட்டியாக வந்தால் கஷ்டம்தான்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டார். மணி பதினொன்றரை.

காப்பகம் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலையில் இருந்தது. ஐஸ் போய்விட்டாலும் குளிர் போகவில்லை. வாசலில் கை கழுவச் சொன்னார்கள். உள்ளே சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: 'இங்கே உள்ளவை நாளைய தலைமுறைக்கு.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: 'விளையாட அனுமதி இல்லை.'

வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி, பக்கத்தில் ஈரப்பதம் காட்டும் சின்ன முள். யாரும் தப்பித் தவறி ஆடிவிடக் கூடாது என்று ஜாய்ஸ்டிக்குகளை நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

"ஏதோ குற்றம் பண்ணின மாதிரி கட்டி வெச்சிருக்காங்களே அக்கா."

"பேசாம வா."

காப்பாளர் நாற்பது வயதுப் பெண்மணி. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருந்தார். தூசி எழும்பிவிடுமோ என்று பயந்தவர் போல மெதுவாகப் பேசினார். அக்கா வந்த விஷயத்தைச் சொன்னதும் அவருடைய குரல் இன்னும் இறங்கிவிட்டது.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஐயா ஒரு செருப்பு டப்பா நிறைய கேசட் குடுத்தார். நாங்க பிரதி எடுத்துட்டு அசலையெல்லாம் அவருக்கே திருப்பி அனுப்பிட்டோம். வைக்க இடம் இல்லை. அவர்கிட்ட பத்திரமா இருக்கும்னு நினைச்சோம்."

"அவர் என்ன சொல்றார்?"

"வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது தூக்கிப் போட்டுட்டாராம். எங்ககிட்ட பத்திரமா இருக்கேன்னு."

பத்திரமாக இருக்கிறது என்று இரண்டு தரப்பும் நிம்மதியாகத் தூங்கிய நேரத்தில் கேசட் குப்பை வண்டியில் ஏறிப் போயிருக்கிறது. சிரிக்க வேண்டும் போல இருந்தது. டாக்டரின் நடுங்கிய குரல் ஞாபகம் வந்ததால் சிரிக்கவில்லை.

"சரி, நீங்க எடுத்த பிரதி?" என்றார் அக்கா.

காப்பாளர் தன் கையுறையின் விரல் நுனிகளைப் பார்த்தார். "இருக்கு. நாப்பத்தோரு விநாடி."

"கேம் அவ்வளவுதானா?"

"கேம் அதுல இல்லீங்க. பேச்சு மட்டும்தான் இருக்கு. போன வாரம் கண்காட்சிக்கு எடுத்தப்போதான் தெரிஞ்சுது."

"எட்டு வருஷமா யாரும் ஓட்டிப் பாக்கலையா?" என்றேன்.

"பாதுகாக்கிறதுதான் சார் எங்க வேலை. ஓட்டிப் பாத்தா தேஞ்சு போயிடும்."

"பிரதி எப்படிங்க தேயும்?"

காப்பாளர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "வெளிய சொல்லிடாதீங்க. திருப்பி அனுப்பும்போது இங்கேயே தங்கிப்போன கேசட்டோட அட்டை உறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு, 'தொழில்நுட்பக் காரணங்களால் இயக்கிக் காட்ட இயலவில்லை'ன்னு எழுதி வெச்சுட்டேன்" என்றார். பாவமாக இருந்தது.

பிரதியைக் கேட்கத் தந்தார். ஒரு இளம்பெண்ணின் குரல், தெளிவாக, கொஞ்சம் அதிகாரமாக வந்தது. "இது குளியலறை. புதுசு. பதினாலுல ஆரம்பிச்சு நூத்தித் தொண்ணூறு வரைக்கும். இது மேல யாரும் பாட்டு பதியாதீங்க. அண்ணா, உன்னைத்தான் சொல்றேன்." ஒரு பையனின் குரல் தூரத்திலிருந்து, "சீக்கிரம் முடி, நான் மேட்ச் கேக்கணும்" என்றது. ஒரு கதவு சாத்தும் நேரம் மௌனம். பிறகு மறுபடியும் பெண்: "முடிஞ்சுது. இப்போ நிறுத்தலாம்."

நான் துள்ளிவிட்டேன். "அக்கா, டாக்டர் குரல்! கேஸ் முடிஞ்சுது!"

"முடியல. யார் அறிவிச்சாங்கன்னு தெரியுது. யார் எழுதினாங்கன்னு தெரியலையே."

"அந்த ஐயாவும் அதையேதான் சொன்னார்" என்றார் காப்பாளர். "போன்ல கேட்டேன். 'ஆமா, அறிவிக்கிறது அவளோட வேலை, அவளுக்குக் குரல் நல்லா இருக்கும்'னார்."

டீயும் போட்டு, அறிவிப்பும் செய்திருக்கிறாள் தங்கை. இன்னும் ஒரு பேட்டி கொடுத்தால் பாத்திரமும் கழுவியிருப்பாள். டாக்டரின் ஒரே நம்பிக்கை நாற்பத்தோரு விநாடியில் கரைந்து போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் வந்தது.

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. "பதினாலுலேர்ந்து நூத்தித் தொண்ணூறு. அது என்ன கணக்கு?"

எனக்குத் தெரியும். "பழைய டேப் ரெக்கார்டர்ல மூணு இலக்கச் சக்கரம் ஒண்ணு சுத்தும் அக்கா. கேசட்டுல எது எங்க இருக்குன்னு தேட."

"அப்போ பேச்சு பதினாலு வரைக்கும். அதுக்கப்புறம் நூத்தித் தொண்ணூறு வரைக்கும் ஏதோ இருந்திருக்கு. பேச்சு அரை நிமிஷம்னா மீதி ஆறு ஏழு நிமிஷமாவது வரும்." அக்கா ஹெட்போனை மேஜையில் வைத்தார். "அந்தப் பொண்ணு சொன்ன 'முடிஞ்சுது' கடைசியில இருக்கு. அப்போ நாடா முழுசாத்தான் இங்க வந்திருக்கு. நடுவுல ஏழு நிமிஷத்தை மட்டும் யாரோ எடுத்திருக்காங்க. மாப்பிள்ளே, ஒரு திருடன் ஏழு நிமிஷத்தை எடுத்துட்டு இந்த நாப்பத்தோரு விநாடியை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனான்?"

"நல்ல குரல்னு ரசிச்சிருப்பான்" என்றேன், வாய்க்கு வந்தபடி.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அப்படி ஒரு மரியாதையான பார்வை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

"சரியாச் சொன்னே" என்றார். "ஏம்மா, இந்தக் கட்டடத்துல நல்ல குரல் மட்டும் பிடிச்சவர் யாரு?"

காப்பாளரின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ" என்றார். "சுத்தம் சார்."

அவருடைய இயற்பெயரைக் காப்பகத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. ஒலிப் பிரிவின் ஒரே ஊழியர். தரைக்குக் கீழே, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்த அறையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வேலை இல்லாத நேரத்தில் உலகத்தின் சத்தம் உள்ளே வந்துவிடாமல் காதில் பஞ்சு வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மரியாதையாகப் பஞ்சை எடுத்தார்.

"எட்டு வருஷத்துல நாலாயிரத்து எண்ணூறு நாடா" என்றார் பெருமையாக. "ஒண்ணுலகூட இரைச்சல் கிடையாது. இதைக் கேளுங்க." யாரோ ஒருவருடைய பழைய மேடைப் பேச்சைப் போட்டார். "இவர் அன்னிக்கு இருபத்தாறு தடவை இருமினார். ஒண்ணாவது கேக்குதா?"

கேட்கவில்லை. மனிதர் நோய் நொடி இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"குளியலறைன்னு ஒரு நாடா" என்றார் அக்கா.

"மறக்க முடியுமா? ரொம்ப மோசமான நாடா. நடுவுல ஏழு நிமிஷம் ஒரே கீச்சு. எலி மாட்டிக்கிட்ட மாதிரி. அந்தப் பொண்ணு குரல் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதைக் காப்பாத்தணும்னு மொத்தக் கீச்சையும் எடுத்துட்டேன்."

காப்பாளர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார், அந்தக் கீச்சுதான் கேம்."

"என்னது?"

"அந்தக் காலத்துல கேசட்டுல கேமைச் சத்தமாத்தான் பதிவாங்க. நமக்குக் கீச்சுன்னு கேக்கும். கம்ப்யூட்டருக்கு அதுதான் பாஷை. அதைக் கேட்டுத்தான் கேமைத் திரையில கொண்டு வரும்."

"அதாவது சார், நீங்க கடிதத்தை எடுத்துட்டு உறையைப் பத்திரப்படுத்தியிருக்கீங்க" என்று நான் உதவி செய்தேன்.

சுத்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். "எனக்கு யாரும் சொல்லலையே. நாடான்னு எழுதி என் மேஜைக்கு வந்துச்சு. நாடான்னா ஒலி. ஒலின்னா சுத்தம்." கடைசி வார்த்தையில் அவர் குரலே இருமியது.

அந்த அறையில் யாரும் பேசாவிட்டால் காதுக்குள் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்கும். அக்கா மட்டும் கோபமும் படாமல், வருத்தமும் படாமல், சுவரோரமாக இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த இருமல் எல்லாம் எங்க சார்?"

"எந்த இருமல்?"

"நீங்க எடுத்த இருபத்தாறு இருமல். எங்க பஸ் ஆபீஸ்ல ஒரு பை வந்தா, உள்ள இருக்கிற வேர்க்கடலைத் தோலைக்கூட எறிய மாட்டோம். அந்தத் தோலுக்கும் ஆள் வருவான். உங்க காப்பகத்துல விதி எப்படி?"

காப்பாளர் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னார்: "விதி பதினொண்ணு. நன்கொடையாகப் பெற்ற எதையும் முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கக் கூடாது."

சுத்தம் மெல்ல எழுந்தார். விதி என்றால் அவருக்கும் விதிதான். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்தார். அதன் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அழகான கையெழுத்தில் 'குப்பை' என்று எழுதியிருந்தது.

"வெட்டினதை எறிய மாட்டேன். தனியாப் போட்டு வெச்சுடுவேன்" என்றார்.

கம்ப்யூட்டரில் மாட்டித் திறந்தார். எட்டு வருஷத்து இருமல்கள், தும்மல்கள், நாற்காலி இழுக்கும் சத்தங்கள், நாய்கள், மைக்கைத் தட்டிப் பார்த்தவர்கள் என்று எல்லாவற்றுக்கும் எண், தேதி, நீளம். அந்தக் கட்டடத்தில் ஒரு குறையும் இல்லாமல் பாதுகாக்கப்பட்டிருந்த ஒரே பொருள் குப்பைதான் என்று எனக்குத் தோன்றியது. காப்பாளர் பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

"நாடா 47" என்று படித்தார் சுத்தம். "கீச்சு. ஏழு நிமிஷம், பன்னிரண்டு விநாடி."

"இதையும் சுத்தம் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன், பயந்துகொண்டே.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெட்டி எடுத்ததுக்கப்புறம் அதை நான் ஏன் தொடப் போறேன்? குப்பையை யாராவது குளிப்பாட்டுவாங்களா?"

மூன்று மணிக்குக் கண்காட்சிக் கூடத்தில் ஒரு சாம்பல் நிறக் கம்ப்யூட்டரையும் ஒரு கனத்த பழைய டிவியையும் மேஜையில் வைத்துக் கோத்தார்கள். விசைப்பலகையைச் சுற்றியிருந்த நூலைக் காப்பாளர் தானே கத்தரித்தார். கேசட் மாட்ட வேண்டிய துளையில் சுத்தத்தின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயரைச் செருகினார்கள்.

கூடத்தில் ஏற்கனவே ஐம்பது அறுபது விருந்தினர்கள் இருந்தார்கள். சுவரில் பித்தளைத் தகடு, அதன் மேல் மஞ்சள் திரை. கடைசி வரிசையில் டாக்டர் க்ளினிக் கோட்டுடனேயே வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா போன் பண்ணி வரச் சொல்லியிருந்தார்.

அண்ணன் மூன்றே முக்காலுக்கு வந்தார். உயரமான மனிதர். நல்ல கோட்டு, கையில் யாரோ கொடுத்த பூங்கொத்து. காப்பாளர் அவர் காதில் விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்து, நேராக அக்காவிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா! என் கேமை! எப்படிம்மா உங்களுக்கு நன்றி சொல்றது?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. கம்ப்யூட்டர் அப்பா அவருக்கு வாங்கிக் கொடுத்தது. ஆகவே அதற்குள்ளிருந்து வந்ததும் அவருடையது என்று நாற்பத்து மூன்று வருஷமாக மனப்பூர்வமாக நம்பியிருக்கிறார்.

டாக்டர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். தப்பான பல்லைப் பிடுங்கிய ஆளைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தார்.

"என் கேமைத் தேடி எடுத்து அவன் கையில குடுத்திருக்கீங்க."

"பொறுங்க டாக்டர்" என்றார் அக்கா. "ஒரு குடை வந்தா மூணு பேர் வந்து என்னுதுன்னு நிப்பாங்க. மூணு பேரும் சத்தியம் பண்ணுவாங்க. நான் யாரையும் ஒரு கேள்வி கேக்க மாட்டேன். 'விரிச்சுக் காட்டுங்க'ன்னு மட்டும் சொல்வேன். ஒவ்வொரு குடைக்கும் ஒரு கோளாறு இருக்கும். எங்க அமுக்கினா விரியும்னு சொந்தக்காரங்களுக்குத்தான் தெரியும்."

சுத்தம் ஒலியைத் திறந்துவிட்டார். கூடம் முழுக்கக் கீச்சு நிறைந்தது. விருந்தினர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சுத்தம் மட்டும் பஞ்சு வைத்துக்கொள்ளாமல், ஏழு நிமிஷமும், தான் செய்த காரியத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டு நின்றார். ஏழு நிமிஷம் தாண்டிப் பன்னிரண்டாவது விநாடியில் கீச்சு நின்றது. திரையில் ஒரு வீடு வந்தது.

கோடுகளால் ஆன வீடு. சமையலறை, இரண்டு அறை, படிக்கட்டு, மேலே மொட்டை மாடி. நடுவில் குளியலறை. மூலையில் ஒரு கடிகாரம் ஆறரை காட்டியது. வாசலில் ஏழு மணிக்கு ஒரு பேருந்து வரும். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி உருவம் அதற்குள் குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் கேம். ஆனால் ஆறு முப்பத்திரண்டுக்கே தோளில் துண்டோடு ஒரு நெட்டை உருவம் குளியலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டுவிடும்.

"ஐயா, நீங்களே ஆடித் தொடங்கி வைங்க" என்றார் அக்கா. அண்ணனின் சட்டையில் காப்பாளர் ஒரு சின்ன மைக்கை மாட்டிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணன் உட்கார்ந்தார். இரட்டைப் பின்னலைக் கதவுக்கு நடத்திப் போய்த் தட்ட வைத்தார். உள்ளே நெட்டை உருவம் பாட ஆரம்பித்தது. பேருந்து போய்விட்டது. இரண்டாவது ஆட்டத்தில் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து தட்டினாள், பாட்டு சத்தமானது, பேருந்து போய்விட்டது. மூன்றாவதில் கதவை உதைத்தார். அப்பா வந்து இரட்டைப் பின்னலைத் திட்டினார். அந்தத் தடவை பேருந்து போனதைக்கூட யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டத்தோட நாயகி ஏன் சார் ஒரு பொண்ணு?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"கற்பனை" என்றார் அண்ணன். நாலாவது தடவையும் தோற்றதும் நாற்காலியில் சாய்ந்து புன்னகை செய்தார். "இதுல ஜெயிக்க முடியாது. அப்படித்தான் எழுதினேன். சிலது நமக்குக் கிடைக்காதுங்கிற வாழ்க்கைத் தத்துவம்."

கூட்டம் 'ஆஹா' என்றது. இரண்டு பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். தோற்றதையே தத்துவமாக்கிவிட்டாரே, இனி இந்த மனிதரை அசைக்க முடியாது என்று நினைத்தேன். என் பல் ஒரு தரம் சுண்டி இழுத்தது.

அக்கா டாக்டரைப் பார்த்தார். "குடை அங்க இருக்கு" என்றார்.

டாக்டர் நடந்து போனார். "தள்ளு" என்றார். அண்ணன் என்ன ஏது என்று தெரியாமலே தள்ளி உட்கார்ந்தார்.

கடிகாரம் ஆறரை. நெட்டை உருவம் உள்ளே போனது. இரட்டைப் பின்னல் கதவுப் பக்கமே போகவில்லை. திரும்பியது. படிக்கட்டு ஏறியது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது, நாங்கள் யாரும் கவனிக்காத வட்டம். அது வால்வு. பின்னல் அதன் மேல் போய் நின்றது. குளியலறைக்குள் விழுந்துகொண்டிருந்த புள்ளிகள் நின்றன. பாட்டு பாதியில் நின்றது. ஆறே முக்காலுக்கு நெட்டை உருவம் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வந்தது. இரட்டைப் பின்னல் வால்வைத் திறந்துவிட்டு, இறங்கி வந்து குளித்து, ஏழு மணிப் பேருந்தில் ஏறிக்கொண்டது. டிவியிலிருந்து ஒரு சின்ன வெற்றி இசை வந்தது.

கூட்டம் கைதட்டியது. அண்ணன் தட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் மைக் இருப்பதை மறந்துவிட்டார்.

"தண்ணியை நீதான் நிறுத்தினியா?"

"எங்கே?"

"நம்ம வீட்டுல! நிஜமா! தினம் ஆறே முக்காலுக்குத் தண்ணி நின்னுச்சே. சோப்போட வெளிய ஓடி வந்தேனே. அப்பா மூணு தடவை குழாய் ரிப்பேர்க்காரனைக் கூட்டிட்டு வந்து காட்டினாரே! அது நீயா?"

"நான்தான்."

"நாப்பத்து மூணு வருஷமா எனக்குத் தெரியாதே!"

கூடத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கிகளிலும் அது கேட்டது. சுத்தத்தின் ஏற்பாடு, ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. கைதட்டல் தானாக அடங்கியது.

"கேம் எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கணுமே ஐயா" என்றார் அக்கா, மெதுவாக.

அண்ணன் வாயைத் திறந்தார். "கம்ப்யூட்டர் என்னுது..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா. கம்ப்யூட்டர் உன்னுது" என்றார் டாக்டர். "மீதியைச் சொல்லு."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். நல்ல கோட்டுக்குள்ளிருந்து, மேட்ச் கேட்க அவசரப்பட்ட அந்தப் பையன் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. "நான் எழுதலை. இவதான் எழுதினா. நான் துடைச்சுத்தான் வெச்சேன்."

"டீ?"

"டீயும் இவ போடலை."

டாக்டர் அழுதுவிட்டார். தினமும் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிக் காத்திருக்கிறவர், இந்த ஒரு வாய்க்காக நாற்பத்து மூன்று வருஷம் காத்திருந்திருக்கிறார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பல்வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரை மூடிய தகட்டின் முன்னால் காப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஒரு சிக்கல்" என்றார். "இந்தத் தகட்டைக் கழட்ட முடியாது. நேத்தே நன்கொடைப் பட்டியல்ல ஏத்திட்டோம். விதி பதினொண்ணு."

கேமைக் காப்பாற்றிய விதி பொய்யையும் காப்பாற்றக் கிளம்பிவிட்டது.

"அழிக்கத்தானே கூடாது?" என்றார் அக்கா. "எங்க வைக்கணும்னு விதியில இருக்கா?"

இல்லை. சுத்தம் ஏற்கனவே திருப்புளியோடு நின்றுகொண்டிருந்தார். தகட்டைக் கழற்றி, கையுறையோடு ஏந்தி, தரைக்குக் கீழே கொண்டுபோனார். அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், முறையாக எண் போட்டு, அது இனி என்றென்றும் பத்திரமாக இருக்கும்.

டாக்டர் ஒரு வெள்ளை அட்டையில் தன் பெயரை எழுதி டிவிக்குக் கீழே ஒட்டினார். நாங்கள் நாலு பேர் குனிந்து பார்த்தும் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. மருந்துச் சீட்டுக் கையெழுத்து. அக்கா இன்னொரு அட்டையை நீட்டினார். இந்தத் தடவை அவர் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பெண் போல, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

அதற்குள் மேஜையில் அண்ணன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். 'விளையாட அனுமதி இல்லை' பலகைக்கு நேர் கீழே, அவருக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதலாவதாகக் கையுறை போட்ட காப்பாளர். அண்ணன் ஒரு தடவை ஜெயித்தார். இரண்டாவது தடவையும் ஜெயித்தார். எழுந்திருக்கிற வழியாக இல்லை.

"அண்ணா, சீக்கிரம் வெளிய வா. ஆள் நிக்கறாங்க" என்றார் டாக்டர்.

"இரு, இரு, இன்னும் ஒரே ஒரு தடவை."

நான் போய் அவரை எழுப்பலாம் என்று காலை எடுத்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கண்ணாலேயே காட்டினார்.

டாக்டர் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, மின்சார ஸ்விட்ச் இருக்கும் சுவர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.